பிசிறு என்று வெட்டிய லேபிள்கள்

சட்டைக்குள் பக்கத் தையலில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தத் துண்டுத் துணியை வாங்குகிறவர்கள் யாரும் படிப்பதில்லை. இடுப்பில் அரிக்கிறது என்று பிய்த்துப் போடுவார்கள். எனக்கு அதுதான் பிழைப்பு. அதில் எந்த நாட்டின் பெயர் இருக்கிறது, எத்தனை சதவீதம் பருத்தி என்று போட்டிருக்கிறது, காகிதத்தில் எழுதியதோடு அது ஒத்துப்போகிறதா என்று பதினோரு வருஷமாகப் பார்த்துப் பார்த்து என் கண்ணாடி இரண்டு தடவை மாறிவிட்டது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் ஆயத்த ஆடைக் கிடங்கு. வெளிநாட்டிலிருந்து கன்டெய்னரில் வரும் துணிமணிகளைக் கஸ்டம்ஸிலிருந்து வெளியே எடுக்கும் காகித வேலை முழுவதும் என் தலையில். வீடு வேப்பம்பட்டில். ஒரு ரயில் ஏறிப் பேசின் பிரிட்ஜ், அங்கே இறங்கி இன்னொரு ரயில் பிடித்துக் கும்மிடிப்பூண்டி, அப்புறம் கம்பெனி வேன். இரண்டு ஊரும் ஒரே மாவட்டம்தான், ஆனால் சென்னைக்குள் போய்த் திரும்பாமல் ரயிலில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக முடியாது. ஆபீஸ் வாசலை மிதிக்கும்போது பாதி உயிரும் முழுக் கோபமுமாகத்தான் இருப்பேன். இதை நியாயமாகச் சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன்.

அங்கே எனக்குப் பிடிக்காதவள் ஒருத்தி இருந்தாள். கான்ட்ராக்டில் வேலை செய்த பெண்களுக்குச் சூப்பர்வைசர். கவரைப்பேட்டைக்காரி, என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அவள் அப்பா அம்மா கழனி வேலை பார்த்தவர்கள். இவள் ஓர் ஏற்றுமதித் தையல் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலையில் சேர்ந்து, செக்கிங் வரைக்கும் ஏறிப் போனவள். அந்தக் கம்பெனி மூடியபோது தன் வரிசையில் இருந்த நாலு பெண்களையும் கூட்டிக்கொண்டு எங்கள் கிடங்குக்கு வந்துவிட்டாள். ஐந்து பேர் கழுத்திலும் அடையாள அட்டையோடு சேர்த்து நூல் வெட்டும் சின்னக் கத்தரி ஒன்று தொங்கும். எங்கள் கிடங்கில் அதற்கு வேலையே இல்லை. ஆனாலும் கழற்ற மாட்டார்கள்.

எதைச் சொன்னாலும் அவளிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "எங்க கம்பெனில இப்டி அடுக்க மாட்டாங்க மேடம்." "எங்க கம்பெனில இத ரிஜெக்ட் பண்ணிடுவாங்க மேடம்." ஒரு நாள் பொறுக்க முடியாமல், அந்தக் கம்பெனிதான் மூடிவிட்டதே என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதற்கப்புறம் என்னைப் பார்க்கும்போது அவள் முகத்தில் ஒரு கதவு சாத்திக்கொள்ளும். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

நான் திருவள்ளூரில் பெருமாள் கைங்கரியம் செய்கிற வீட்டில் பிறந்தவள். படிப்பும் இங்கிலீஷும் என்னை ஒரு படி மேலே வைத்திருக்கின்றன என்ற நினைப்பு எனக்கு இருந்தது. அதை மறைத்ததாகவும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்திருப்பாள்.

அந்தத் தடவை வந்தது பக்கத்து நாட்டிலிருந்து குழந்தைகள் சட்டை. அந்த நாட்டிலேயே தயாரானது என்று சான்றிதழ் இருந்தால் வரியில் சலுகை உண்டு. சான்றிதழ் இருந்தது. கன்டெய்னர் மீஞ்சூர்ப் பக்கம், கஸ்டம்ஸ் விடுவிக்கும்வரை சரக்கை நிறுத்தி வைக்கும் ஒரு யார்டில் நின்றது. சுங்க அதிகாரி பத்துப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சட்டையைப் புரட்டி, நாட்டின் பெயர் போட்ட லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். எல்லாம் சரி. ஆனால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, விற்பனை விலை, வந்த மாதம் இதெல்லாம் எந்தச் சட்டையிலும் இல்லை. அது இல்லாமல் சரக்கு யார்டை விட்டு வெளியே வரக்கூடாது. யார்டுக்குள்ளேயே ஆள் வைத்து ஒட்டிக்கொள்கிறோம் என்று அனுமதி கேட்டு நான் கடிதம் கொடுத்தேன். ஸ்டிக்கர் ஒட்டவும் விலை அட்டை கோர்க்கவும் மட்டும் அனுமதி, வேறு எந்த வேலையும் செய்யக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கம்பெனி சார்பில் கஸ்டம்ஸில் கையெழுத்துப் போடும் அதிகாரம் என் பெயரில் இருந்தது.

அந்த ஐந்து பெண்களையும் யார்டுக்கு அனுப்பினோம். யார்டு வாசலில் போட்டோ எடுத்து ஆளுக்கு ஒரு பாஸ் கொடுத்தார்கள்.

முதல் நாள் மத்தியானம் அவள் எனக்கு நாலைந்து படம் அனுப்பினாள். ஸ்டிக்கர் நேராக ஒட்டியிருக்கிறதா என்று நான் பார்ப்பதற்கு. ஸ்டிக்கர் நேராக இருந்தது. ஆனால் தையல் ஓரமெல்லாம் நூல் தொங்கியது. கப்பலேற்றின புண்ணியவான்கள் பிசிறு வெட்டாமலே பெட்டியைக் கட்டியிருந்தார்கள். சரக்கு யார்டிலிருந்து நேராகக் கடைகளுக்குப் போவதாக ஏற்பாடு. கிடங்குக்கு வந்து ஒருமுறை சரிபார்க்க நேரம் கிடையாது. மேனேஜர் காலையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டுக் கத்தியிருந்தார்.

மறுநாள் காலை பேசின் பிரிட்ஜில் வண்டி மாறும்போது என் கண்ணெதிரே கும்மிடிப்பூண்டி வண்டி கிளம்பிப் போனது. அடுத்த வண்டிக்கு நிற்க வேண்டும். அந்தக் கடுப்பில் பிளாட்பாரத்தில் நின்றபடியே அவளுக்கு வாட்ஸாப்பில் பேசி அனுப்பினேன். "ஏம்மா, பீஸ்ல நூலு கீலு எது தொங்கினாலும் வெட்டி எடுத்துடுங்க. ஒரு பிசிறு என் கண்ணுல படக்கூடாது. எங்க கம்பெனில அப்படி, இப்படின்னு பேசாம சொன்னதைச் செய்யுங்க." பேசி முடித்ததும் மனசு கொஞ்சம் லேசானது. வெட்டக்கூடாது என்று நானே கையெழுத்துப் போட்டு வாங்கிய அனுமதிக் கடிதம் அப்போது என் கைப்பைக்குள்தான் இருந்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அவள் இரண்டு தடவை கூப்பிட்டாள். முதல் தடவை அடித்து ஓயும்வரை விட்டேன். இரண்டாவது தடவை கட் செய்தேன். நொய் நொய் என்று எதையாவது கேட்பாள், கேட்கட்டும் என்று போனைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவள் கேட்க இருந்தது என்ன என்று அடுத்த நாள் தெரிந்தது. அந்தச் சட்டைகளில் துவைக்கும் முறை போட்ட பெரிய லேபிள் ஒன்று. அதற்குப் பின்னால் நாட்டின் பெயர் மட்டும் போட்ட குட்டி லேபிள் ஒன்று. குட்டி லேபிளை ஒரே ஒரு முனையில் ஒப்புக்கு இரண்டு தையல் போட்டு விட்டிருந்தார்கள். அது கோணலாக, தனியாகத் தொங்கியது. ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை கற்றவர்களுக்கு அப்படித் தொங்கினால் அந்த பீஸ் செல்லாது. லேபிளைப் பிரித்து எடுத்து, பீஸைத் தையல்காரருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். வருஷக்கணக்கில் அந்தக் கைகள் அதைத்தான் செய்திருக்கின்றன. நூல் வெட்டாதே என்று சொல்லியிருந்தால் எதையும் தொட்டிருக்க மாட்டார்கள். வெட்டு என்று சொன்னதும் நூலோடு சேர்த்து அதையும் எடுத்தார்கள். இரண்டு வரிசைப் பெட்டிகள் முடிந்திருந்தன.

அதிகாரி ஸ்டிக்கர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தார். நான்கு பெட்டியைப் பிரித்தார். போனை எடுத்துத் தன் பழைய படத்தைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். நாட்டின் பெயரைக் காணோம். என்னை யார்டுக்கு வரச் சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த ஐந்து பேரும் கன்டெய்னர் நிழலில் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தார்கள். அவர் சத்தம் போடுகிற ஆளில்லை. ரொம்ப மெதுவாகத்தான் கேட்டார்.

"அன்னிக்கு நான் பார்த்த சரக்கு இது இல்லையே. அதை எங்க அனுப்பினீங்க?"

சரக்கை மாற்றிவிட்டோம் என்கிறார். வரிச் சலுகைக்கு ஒரு சரக்கைக் காட்டிவிட்டு, அதை வெளியே தள்ளி, வேறு எங்கோ தைத்த மட்டச் சரக்கை உள்ளே வைத்தால் அது கடத்தல். இல்லை சார், இல்லை சார் என்றேன்.

அவள் யாரையும் கேட்காமல் நகர்ந்து போய்த் தன் சாப்பாட்டுக் கூடையை எடுத்து வந்தாள். டிபன் டப்பாவுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் வெட்டிய லேபிள்கள் அத்தனையும், பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு, எந்தப் பெட்டி என்று துண்டுச் சீட்டில் எழுதி. "வெட்டினத கீழ போடக் கூடாது சார். எண்ணி ஒப்படைக்கணும். எங்க கம்பெனில அப்டித்தான்" என்றாள்.

அதிகாரி ஒரு பெட்டியைக் கொட்டச் சொல்லி எண்ணினார். சரியாக இருந்தது. ஒரு லேபிளை எடுத்துச் சட்டையில் வைத்துப் பார்த்தார். லேபிளிலும் சட்டையிலும் இருந்த ஊசித் துளைகள் ஒன்றோடொன்று பொருந்தின. சரக்கு மாறவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. எங்கள் கம்பெனி, மேனேஜர், நான், எல்லோரும் அந்தக் கூடைக்குத்தான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்போது வந்தது நன்றி இல்லை, எரிச்சல். இவள் கூப்பிட்டபோது அந்தப் போனை நான் எடுத்திருந்தால் இவ்வளவும் இல்லை என்பதை அவள் முகம் சொல்லிக்கொண்டே இருந்தது.

அதிகாரி அதோடு விடவில்லை. ஸ்டிக்கர் ஒட்ட மட்டும்தான் அனுமதி, வெட்டச் சொன்னது யார், அது எழுத்தில் வேண்டும் என்றார். மறுநாள் கடிதத்தோடு நானும், அந்தம்மாவும் அவர் அறைக்கு வர வேண்டும்.

மேனேஜரிடம் குரல் செய்தியைப் பற்றி நான் சொல்லவில்லை. அவராகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். கான்ட்ராக்ட் ஆட்கள் தாங்களாகச் செய்தது, கம்பெனி எதுவும் சொல்லவில்லை, ஐந்து பேரையும் வேலையை விட்டு நீக்குகிறோம் என்று எழுதச் சொன்னார். நான் உட்கார்ந்து எழுதினேன். நல்ல இங்கிலீஷில், ஒரு பிழை இல்லாமல் எழுதினேன். உண்மையை எழுதினால் என் கையெழுத்து அதிகாரம் போகும். அது போனால் இந்தத் தொழிலில் வேறு எந்தக் கம்பெனியும் என்னை உள்ளே விடாது. வேப்பம்பட்டு ஃபிளாட், மகளின் காலேஜ் எல்லாம் அந்தக் கையெழுத்தில்தான் நின்றுகொண்டிருந்தன. அவர்களுக்கும் வீடும் பிள்ளைகளும் உண்டு என்பது தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் எழுதினேன்.

மறுநாள் அதிகாரி அறையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். எனக்கு நாற்காலி கொடுத்தார்கள், அவளுக்குக் கொடுக்கவில்லை. நான் எழவும் இல்லை. அதிகாரி கடிதத்தைப் படித்துவிட்டு, அவளுக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று கேட்டார். இல்லை என்றாள். அவர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். யாரும் சொல்லாமல் தாங்களாகவே வெட்டினார்கள் என்ற வரி வந்தபோது அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஐந்து பேரையும் நீக்குகிறோம் என்ற வரி வந்தபோது பார்க்கவில்லை.

"யாரும்மா வெட்டச் சொன்னது? பயப்படாம சொல்லு."



"யாரும் சொல்லல சார். நாந்தான் சொன்னேன் அவுங்களுக்கு. அவுங்க நாலு பேருக்கும் ஒண்ணும் தெரியாது. கை பழக்கம் சார்."

அதிகாரி அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பினாரா என்று தெரியாது. லேபிள்களை மறுபடியும் அதே இடத்தில், தன் ஆள் முன்னிலையில் தைக்க வேண்டும், தைத்த பிறகு சரக்கை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினார். அவளுடைய பாஸை ரத்து செய்தார். இனி எந்த யார்டிலும் அவள் கால் வைக்கக்கூடாது. மற்ற நாலு பேரைப் பற்றி, அது உங்கள் கம்பெனி விஷயம் என்று விட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் லாரிகள் நிற்கும் இடத்தில் அவளிடம், தேங்க்ஸ் என்று சொன்னேன். அந்த வார்த்தை என் வாயில் எவ்வளவு கேவலமாக இருந்தது என்று இப்போதும் ஞாபகம் இருக்கிறது. அவள் போனை எடுத்து அமுக்கினாள். லாரிச் சத்தத்துக்கு நடுவே என் குரல் வந்தது. எது தொங்கினாலும் வெட்டி எடுத்துடுங்க, சொன்னதைச் செய்யுங்க. பேசின் பிரிட்ஜில் அறிவிப்பு ஒலிப்பதுகூடப் பின்னால் கேட்டது.

"உனுக்காவ சொல்லல. உன் பேர சொன்னா உங்க கம்பெனிக்குக் கெட்ட பேரு, அப்பால எங்க அஞ்சி பேரையும் சேத்து ஊட்டுக்கு அனுப்பிடுவீங்க. நான் ஒருத்தி போறேன். அந்த நாலு பேர் மேல கை வெச்சீங்க, அன்னிக்கி இத்த எட்த்துக்கினு நேரா அந்த சார்கிட்ட வருவேன்."

இத்தனை வருஷமாக மேடம் என்றும் நீங்க என்றும் பேசியவள் அன்றைக்குத்தான் என்னை ஒருமையில் பேசினாள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னை மிரட்டுகிறாயா என்று கேட்டேன். ஆமா என்றாள்.

லேபிள் தைக்க இரண்டு நாள் ஆனது. நாலு பெண்களும் யார்டுக்குள் உட்கார்ந்து கையால் தைத்தார்கள். அவள் இரண்டு நாளும் யார்டு வாசலுக்கு எதிரே டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், அவர்கள் வெளியே வரும்வரை. நான் உள்ளே போகும்போதும் வரும்போதும் அவள் பார்வையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. சரக்கு சரியான நாளில் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

மேனேஜரிடம் போய் நாலு பேரையும் வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. லேபிள் வேலை தெரிந்த ஆள் இந்தப் பக்கம் கிடைக்காது, அதிகாரியே அவர்களைக் குற்றம் சொல்லவில்லை என்று வாதாடினேன். எனக்கு வாதாட நன்றாக வரும். ஒத்துக்கொண்டார். அதற்கப்புறம் மூன்று தடவை கான்ட்ராக்ட் ஆட்களைக் குறைக்கச் சொன்னார்கள். மூன்று தடவையும் அந்த நாலு பேருக்காக நான் சண்டை போட்டேன், அவர்களைக் காட்டிலும் நன்றாக வேலை செய்கிற வேறு பெண்களை அனுப்பிவிட்டு. கிடங்கில் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. கோபக்காரி, ஆனால் வேலைக்காரர்களை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று. போன கிறிஸ்துமஸுக்கு அந்த நாலு பேரில் ஒருத்தி கேக் கொண்டு வந்தாள். "நீங்க மட்டும் இல்லன்னா மேடம்" என்று ஆரம்பித்தவள், கண் கலங்கி நிறுத்திக்கொண்டாள். எங்கள் பழைய சூப்பர்வைசர் அந்தக் குரல் செய்தியைப் பற்றி அவர்களிடம் எதுவுமே சொல்லவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அந்தக் கேக்கை என்னால் சாப்பிட முடியவில்லை. டேபிளிலேயே கிடந்து எறும்பு ஏறியது.

இரண்டு மாதம் முன்னால் ஒரு சனிக்கிழமை மத்தியானம் திரும்பி வந்துகொண்டிருந்தேன். கவரைப்பேட்டையில் பெண்கள் பெட்டியில் அவள் ஏறினாள். காலியாக இருந்தது என் எதிர் சீட்டு மட்டும்தான். பார்த்தாள், உட்கார்ந்தாள். பொன்னேரிப் பக்கம் ஒரு மசாலாக் கம்பெனியில் பாக்கெட் போடுகிறாளாம். விரல் நகமெல்லாம் மஞ்சளாக இருந்தது. கழுத்தில் கத்தரி இல்லை.

நாலு பேரும் இருக்கிறார்கள் என்று சொன்னேன். தெரியும் என்றாள். ஒரு குறையும் இல்லை என்றேன். அதற்கும் தலையாட்டினாள். அவள் மடியில் அந்தப் போன் இருந்தது. மூலையில் கண்ணாடி உடைந்து, டேப் ஒட்டி, அதே பழைய போன். எத்தனை நாள் கழித்துக் கேட்டாலும் இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று தோன்றியது.

"அந்த மெசேஜ இப்போ அழிச்சிடலாமே."

அவள் யோசிக்கவில்லை. போனை என் பக்கம் நீட்டினாள். "இந்தா, நீயே அழி. அழிச்சிட்டா அவுங்கள வெச்சிக்குவியா?"

வெச்சுக்குவேன் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும். என் கை போனை நோக்கிப் பாதி தூரம் போய்விட்டது. அடுத்த மாதம் இன்னும் ஆறு பேரைக் குறைக்கச் சொல்லி மேனேஜர் அனுப்பிய பட்டியல், அந்த நாலு பேரின் பெயரும் சேர்த்து, என் கைப்பையில் இருந்தது. மறுபடி ஒரு சண்டை, மறுபடி அவருடைய சந்தேகப் பார்வை. இந்தக் குரல் மட்டும் இல்லாவிட்டால் பேசாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று என் மனசு கணக்குப் போட்டபடி ஓடியது. அந்த ஓட்டத்தை அவள் என் முகத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை இழுத்துக்கொண்டேன்.

பொன்னேரி வந்தது. அவள் எழுந்து போனை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

"அதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.